சாய்ந்த தவறணையும் சாயாத உடைமையும்

கோல்ட்ஸ்மித் என்னும் கவிஞர் 1770 இல் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்ற நெடுங்கவிதை, ஆங்கிலக் கல்வி பெற்ற எமது மூத்த தலைமுறையினர்க்கு அறிமுகமற்றதன்று. பாழடைந்துபோன அக்கிராமத்திலே ஒரு தவறணையும் வருகின்றது. வெள்ளையடித்த சுவர், மணல் தூவிய தரை, கதவுக்குப் பின்னே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், மாலையிற் கூடி ஊர்க்கதை பேசிய முதியோர் என அதன் பழைய கோலத்தைக் கவிஞர் ஆசையோடு நினைவுகூர்கின்றார். வகுப்பறைகளில் எமக்குச் சுவைத்துக் காட்டப்பட்டவை அச்சுவரும் கடிகாரமுமே. தவறணை ஏன் இடிந்தது என்ற வினாவை எவரும் எழுப்பியதாக எமக்கு நினைவில்லை. கவிஞரோ விடையை மறைத்தவரல்லர். நிலம் முழுவதையும் ஒரே செல்வன் வளைத்துக்கொண்டான், உழவர் வெளியேறினர், உழவர் போன ஊரில் தவறணை யாருக்கு? ஓசை நயத்தை வியந்துவிட்டுக் காரணத்தைக் கடந்து போகும் இந்த இலக்கிய இரசனை எமக்குப் புதியதன்று. அது கவிதையோடு நின்றிருந்தால் நாமும் இதை எழுத வேண்டியிருந்திராது.

பிரித்தானியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல்லாயிரம் தவறணைகள் மூடப்பட்டுவிட்டன. காரணம் கேட்டால் உடனே ஒரு பட்டியல் நீட்டப்படுகின்றது. மக்களின் பழக்கம் மாறிவிட்டது. அங்காடியில் மலிவாக வாங்கி வீட்டிலிருந்து குடிக்கின்றனர். 2007 இல் வந்த புகைத்தடை கூட்டத்தைக் குறைத்தது. இவை பொய்யென்று நாம் கூறவரவில்லை. ஆயின் இப்பட்டியலில் உடைமை என்னும் சொல் ஏன் ஒருமுறையேனும் இடம்பெறுவதில்லை என்றே கேட்கின்றோம். குடிப்பவன் குற்றவாளி, குடிக்காதவனும் குற்றவாளி. இடையில் நின்று வாடகை வாங்குபவன் மாத்திரம் காலநிலையைப் போலப் பழிக்கு அப்பாற்பட்டவன்!

ஆங்கிலேயர் தவறணை நடத்துபவனை ‘லாண்ட்லோட்’ என்று அழைப்பர். நிலத்துக்கு அதிபதி என்பதே அதன் நேர்ப்பொருள். பருத்த உடலும் சிவந்த முகமும் உரத்த சிரிப்புமாக அவனை ஆங்கில நாவல்கள் எமக்குப் பழக்கப்படுத்தியுள்ளன. ஆனால் பீப்பாக்களின் நடுவே நின்று கோப்பை நிரப்பும் அம்மனிதனுக்குப் பெரும்பாலும் சுவரில் அறைந்த ஆணிகூடச் சொந்தமில்லை. அவன் வாடகை கொடுப்பவன். தவணை தப்பினால் மனைவி மக்களோடு மாடியிலிருந்து இறங்க வேண்டியவன். மெய்யான நிலவதிபதி அம்மேசையின் பின்னால் ஒருநாளும் நின்றதில்லை. குடிவாரக்காரனுக்கு நிலவதிபதி என்று பெயர் சூட்டி, நிலவதிபதியைப் பெயரற்றவனாக்கிய இச்சொல்லாட்சியிலேயே வரலாற்றின் பாதி அடங்கியுள்ளது.

மீதிப் பாதியைக் காண்பதற்கு ஒரு தவறணையின் கதையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஸ்டபோட்ஷயர் பகுதியில், டட்லி நகருக்கு அண்மையில், ஹிம்லி என்ற கிராமம் இருக்கின்றது. அங்கே 1765 இல் ஒரு பண்ணைவீடு கட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தவறணையாயிற்று. அதன் அடியில் நிலக்கரி இருந்தது. கரி தோண்டப்படத் தோண்டப்பட நிலம் உள்வாங்கி, கட்டிடத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறக்குறைய 4 அடி தாழ்ந்துபோயிற்று. ஊரார் தம் வட்டார வழக்கில் அதனைக் கோணல் வீடு என்றனர். பலகையிலே எழுதப்பட்ட பெயரோ வேறு: ‘கிளின் ஆம்ஸ்’. கிளின் என்பது அந்நிலத்துக்குரிய பிரபுவின் குடும்பப் பெயர். அக்குடும்பத்தின் ஸ்டீபன் கிளின், பின்னாளில் நான்கு முறை பிரதம மந்திரியான கிளாட்ஸ்டனின் மைத்துனர். அப்பகுதியில் அக்குடும்பம் முதலிட்டிருந்த இரும்பு, செங்கற் தொழில் 1847 இல் முறிந்தது; குடும்பத்தின் ஆதனத்தைக் கடனிலிருந்து மீட்பதில் கிளாட்ஸ்டன் பல்லாண்டு செலவிட்டார். மதுச்சாலைகளைக் கட்டுப்படுத்த 1872 இல் வந்த சட்டம் அவருடைய அரசாங்கத்தினதே. பிரபுவின் சின்னம் தவறணையின் நெற்றியில். பிரபுவின் மைத்துனர் கையில் குடிகாரரைத் திருத்தும் சட்டம். இதனை முரண்பாடென்று கருதுவோர் ஆளும் வர்க்கத்தின் வேலைப் பிரிவினையை அறியாதவரே.

அவ்வட்டாரம் முழுவதும் கரியும் இரும்புமாயிருந்தது. கரும்பிரதேசம் என்றே அதற்குப் பெயர். சுரங்க முதலாளி தொழிலாளரை நேரே வேலைக்கு அமர்த்துவதில்லை. ‘பட்டி’ எனப்பட்ட இடைத்தரகன் ஒருவன், தொன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, ஆட்களையும் சிறுவரையும் திரட்டிக் கரி வெட்டுவிப்பான். (எமது தோட்டங்களின் பெரிய கங்காணியை அறிந்தோர்க்கு இவனை விளக்க வேண்டியதில்லை.) கூலி நாள் வந்ததும் அவன் கூலியைக் கொடுக்கும் இடம் தவறணை. அது பெரும்பாலும் அவனுடையதாகவோ அவன் உறவினனுடையதாகவோ இருக்கும். உரிய நேரத்திற் பணம் வராது, காத்திருக்க வேண்டும், காத்திருப்போர் வெறுங்கையோடு இருக்கலாகாது. சில்லறை இல்லையென்று பலருக்கும் சேர்த்து ஒரே நாணயத்தைக் கொடுப்பான். அதை மாற்றுவதற்கும் குடித்தாக வேண்டும். குடியாதவனுக்கு அடுத்த கிழமை வேலையிருக்கும் என்பது நிச்சயமில்லை. கூலி ஒரு கையால் வழங்கப்பட்டு மறுகையால் மீளப் பெறப்பட்டது என்று சொன்னால் அதுவும் குறைவாகவே இருக்கும். வழங்குமுன்னரே கணக்கு எழுதப்பட்டிருந்தது.

ஸ்டபோட்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளர் 1842 இல் வேலைநிறுத்தம் செய்தபோது இம்முறையும் அவர்களது குறைகளுள் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டின் சுரங்கச் சட்டம் தவறணையிற் கூலி வழங்குவதைச் சுரங்கங்களுக்குத் தடைசெய்தது. ஏனைய தொழிலாளர் அதே பாதுகாப்பைப் பெறுவதற்கு 1883 வரை, நாற்பத்தோர் ஆண்டுகள், காத்திருந்தனர். அக்காலத்துத் தொழிலாளனின் குடியைப் பற்றிப் பாதிரிமார் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் மலையாகக் குவியும். அவனைக் குடிக்கப் பண்ணிய கூலி முறையைத் தோலுரித்தவர்கள் எத்தனை பேர்? இருபத்து நான்கு வயது இளைஞரான ஏங்கெல்ஸ், 1845 இல் வெளியிட்ட நூலில், வேறெந்த இன்பத்துக்கும் வழிவிடப்படாத மனிதனது குடியைத் தனிமனித ஒழுக்கக்கேடாகக் கொள்ளலாகாது, அது நிலைமைகளின் விளைவு என்று வாதிட்டார்.

இக்கதையை இன்னும் பின்னே தள்ளிப் பார்த்தாலும் காட்சி பெரிதும் மாறுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மது காய்ச்சியவர் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களே. காய்ச்சியதும் வாசலில் ஒரு கோலை நாட்டி அறிவிப்பர். அளவையும் விலையையும் விதித்த சட்டத்தின் பெயரால் பிரபுவின் மன்று அவர்களிடம் தண்டம் அறவிட்டது. தவறு செய்தவரும் செய்யாதவரும் திரும்பத் திரும்பக் கட்டிய அத்தண்டம், தண்டமென்ற பெயரில் வந்த அனுமதிக் கட்டணமேயன்றி வேறன்று. 1552 இல் அனுமதி வழங்கும் அதிகாரம் சட்டப்படி சமாதான நீதவான்களுக்கு அளிக்கப்பட்டது. நீதவான்கள் யாவர்? அவ்வூர் நிலவுடைமையாளரே.

ஒரேயொரு முறை இக்கதவு சற்றே திறந்தது. 1830 ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டி பியர் விற்கலாம் என்றது. நீதவானின் தயவு தேவையில்லை. சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் சிறு குடிசைகள் பியர்க்கடைகளாயின. சட்டத்தை இயற்றியோர் தொழிலாளர்க்கு நன்மை கருதியன்று, சுதந்திர வர்த்தகம் கருதியே அதைச் செய்தனர். எனினும் பண்ணைத் தொழிலாளிக்குப் பிரபுவின் கண்ணுக்கு எட்டாத ஓர் அறை கிடைத்தது. அதே ஆண்டின் பின்பகுதியில் தென்னிங்கிலாந்துக் கூலி உழவர் கிளர்ந்தெழுந்து சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தபோது, நிலவுடைமையாளர் பியர்க்கடைகளையே சதிக்கூடங்களெனச் சாடினர். பட்டி கூலி கொடுத்த தவறணை அவர்களுக்கு உறுத்தவில்லை. கூலியுயர்வைப் பற்றிப் பேசிய பியர்க்கடை உறுத்தியது. 1869 இல் பியர்க்கடைகள் மீண்டும் நீதவான்களின் கைக்குள் வந்தன.

அதன்பின் அனுமதிப் பத்திரம் அரிதாயிற்று, அரிதானது முதலாயிற்று. 1886 இல் கின்னஸ் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்ததைத் தொடர்ந்து ஏனைய பியர் உற்பத்தியாளரும் பொதுமக்களின் பணத்தைத் திரட்டி, அப்பணத்தால் தவறணைகளைக் கூட்டங்கூட்டமாக வாங்கினர். அவ்வாறு வாங்கப்பட்ட தவறணையிற் கம்பனியின் பியரை மட்டுமே, கம்பனி சொல்லும் விலைக்கே வாங்கி விற்கலாம். கட்டுண்ட தவறணை என்று அதற்குப் பொருத்தமாகவே பெயரிட்டனர். இம்முதலாளிகளுள் அல்சொப்பும் பாஸும் 1886 இலேயே பிரபுக்கள் சபைக்கு உயர்த்தப்பட்டனர். கின்னஸ் குடும்பத்தவர் ஒருவர் 1880 இலேயே அங்கு சென்றுவிட்டார். பிரபுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் மதுவைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பியர்’ என்றே வருகின்றன. எமது நெடுங்கணக்கின் குறைபாடென்று இதனைச் சொல்வார் உளர். இவ்விடத்தில் அது வரலாற்றைச் செம்மையாகவே எழுதியிருக்கின்றது.

ஹிம்லியின் கோணல் வீடும் இவ்வழியே போயிற்று. 1940களில் அது ஆபத்தான கட்டிடமெனத் தீர்க்கப்பட்டு இடிக்கப்படவிருந்தது. வுல்வர்ஹாம்ப்டன், டட்லி பியர்க் கம்பனி அதனை வாங்கி, முட்டுச் சுவர் கட்டி, சாய்வு கெடாமல் நிறுத்தியது. சாய்வு ஏன் கெடலாகாது? மேசையில் வைத்த கண்ணாடிப் போளை மேட்டை நோக்கி உருளுவதுபோலத் தோன்றும் அவ்விசித்திரத்தைக் காண வெளியூராரும் வந்தனர். வந்தவர் குடித்தனர். நிலத்தின் கீழிருந்து எடுத்த இலாபம் வீட்டைச் சாய்த்தது. வீட்டின் சாய்வு அடுத்த உடைமையாளனுக்கு இலாபமாயிற்று.

இவ்விடத்தில் எமது விமர்சகர் குறுக்கிடலாம். தனியுடைமையின்றித் தவறணை எவ்வாறு நடக்கும் என்று கேட்கலாம். நடந்தது. முதலாம் உலக யுத்தத்தில், ஸ்கொத்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்திலே பெரும் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. பல்லாயிரம் தொழிலாளர் திரண்டனர். குடி உற்பத்தியைக் கெடுக்கின்றதென்று அரசு அஞ்சியது. 1916 இல் கிரெட்னாவிலும் அண்மைய கார்லைல் நகரிலும் பியர்ச் சாலைகளையும் தவறணைகளையும் அரசே வாங்கிவிட்டது. பல மூடப்பட்டன, எஞ்சியவை திருத்தப்பட்டன. நடத்துநர் சம்பளம் பெற்றனர். மது எவ்வளவு விற்றாலும் அவர்களுக்குத் தரகு இல்லை. உணவு விற்றால் உண்டு. இச்சிறு மாற்றத்தின் பொருளை ஆசிரிய அன்பர்கள் மாணவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குடிக்க வைப்பவனுக்கு இலாபமில்லையென்றால் குடிக்க வைக்கும் முயற்சியும் இல்லை. அது சோசலிசமன்று, யுத்த அரசு பீரங்கிக் குண்டுக்காகச் செய்த ஏற்பாடு. ஆயினும் யுத்தம் முடிந்தபின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது இயங்கியது. திறைசேரிக்கு வருவாயும் ஈட்டியது. நட்டம் வந்ததென்று அதனை மூடவில்லை. எட்வேர்ட் ஹீத்தின் பழைமைவாத அரசாங்கம் 1971 இற் சட்டமியற்றி, 1973 அளவில் அனைத்தையும் விற்றுத் தீர்த்தது. தனியார் நடத்த வேண்டியதை அரசு நடத்துகின்றது என்பதைவிட அதற்கு வேறு குற்றம் கண்டுபிடிக்கப்படவில்லை.

1989 இன் கதை வேறொரு வகையில் படிப்பினைக்குரியது. ஆறு பெருங் கம்பனிகள் நாட்டின் பியர் உற்பத்தியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் தம் கையில் வைத்திருந்ததாக அரசின் ஏகபோக விசாரணைக்குழு கண்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தவறணைகளை வைத்திருந்த பியர்க் கம்பனிகள், அந்த மேலதிகத்திற் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. ஏகபோகம் ஒழிந்தது என மகிழ்ந்தோர் உளர். ஆணை பியர் காய்ச்சுவோரையே கட்டுப்படுத்தியது. காய்ச்சாமல் தவறணைகளை மட்டும் உடைமையாகக் கொண்ட கம்பனியைக் கட்டுப்படுத்தவில்லை. அவ்வோட்டை வழியே புதிய கம்பனிகள் புகுந்தன. கடன்பட்டு வாங்கின, வாங்கியதை அடகுவைத்து மேலும் வாங்கின. 2000களின் நடுப்பகுதியில் பஞ்ச், என்டர்பிரைஸ் என்ற இரண்டும் ஒவ்வொன்றும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தவறணைகளை வைத்திருந்தன. ஒரு துளி பியரும் காய்ச்சாத இவை, காய்ச்சுவோனிடம் மொத்தக் கழிவு பெற்று வாங்கி, தம் குடிவாரக்காரனுக்கு அதைவிட உயர்ந்த விலையில் விற்றன. கட்டிட வாடகை தனி. பிரபுவின் மன்று பெண்களிடம் தண்டம் அறவிட்ட முறை எழுநூறு ஆண்டுகளின் பின் கணக்கியற் பட்டத்தோடு திரும்பி வந்தது என்போமாயின் மிகையாகுமா? 2014 நவம்பரில் இக்கட்டைத் தளர்த்தும் திருத்தமொன்று அரசாங்கத்தைத் தோற்கடித்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2016 இல் நடைமுறைக்கு வந்தது. வாடகைக்காரர் பல்லாண்டு போராடிப் பெற்ற வெற்றி அது. ஆயின் அவர்கள் பெற்றது சந்தை வாடகைக்கு இருக்கும் உரிமை, உடைமையன்று.

கோணல் வீட்டை வைத்திருந்த கம்பனி 2007 இல் மாஸ்டன்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2023 தொடக்கத்தில் அவ்வீட்டை விற்பனைக்கு விட்டது. ஜூலையில் அது கைமாறியது. இரண்டு கிழமை நிரம்புமுன், ஆகஸ்ட் 5 ஆம் திகதி இரவு, தீப்பற்றியது. தீயணைப்பு வண்டிகள் சென்ற வழியில் மண்மேடு குறுக்கே கிடந்தது. தீ திட்டமிட்டு மூட்டப்பட்டதா என்ற கோணத்திற் பொலிசார் விசாரித்தனர். யார் கை என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. ஆகஸ்ட் 7 இல் இயந்திரம் வந்து எஞ்சியிருந்த சுவர்களையும் இடித்துத் தள்ளியது. பாதுகாப்புக் கருதி மேல்மாடியின் சில பகுதிகளை அகற்றுவதற்கே தாம் இணங்கியதாகவும் முழுவதையும் இடிக்க இணங்கவில்லையென்றும் உள்ளூராட்சி மன்றம் அறிவித்தது. நூற்றுக்கணக்கானோர் அங்கே திரண்டனர். இடிபாட்டின் செங்கல் ஒன்றையேனும் எடுத்து வைத்துக்கொள்ள விரும்பியோரும் இருந்தனர். சுரங்கம் சரித்தும் இரண்டு நூற்றாண்டளவு நின்ற வீடு, விற்பனைப் பத்திரத்தின் மை உலருமுன் போயிற்று.

எமது நாட்டுக்கு இதிலென்ன என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வோம். தவறணை என்ற சொல்லையே ஐரோப்பியரிடமிருந்து பெற்றோம். முறையையும் அவ்வாறே பெற்றோம். பிரித்தானிய அரசு இலங்கையிற் சாராயம் விற்கும் உரிமையை ஏலம் போட்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகைகாரர் தவறணைகளைப் பிறர்க்குப் பிரித்துக் கொடுத்தனர். அரசின் வருவாயிற் கணிசமான பகுதி இவ்வழி வந்தது. இந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் ஆதிச் செல்வத்திற் பெரும்பங்கு சாராயக் குத்தகையிலிருந்தே திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000 இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1912 இல் மதுவரிச் சீர்திருத்தத்தின் பெயரால் கள்ளுத் தவறணைகள் நாடெங்கும் திறக்கப்பட்டபோது மதுவொழிப்பு இயக்கம் பொங்கியெழுந்தது. அவ்வியக்கத்தின் ஏகாதிபத்திய எதிர்ப்பை நாம் மதிக்கின்றோம். அதன் மேடைகளிற் குடிப்பவன் கண்டிக்கப்பட்ட அளவுக்குக் குத்தகையிற் செழித்த குடும்பங்கள் கண்டிக்கப்பட்டனவா என்பதை ஆய்வு மாணவர் தேடிப்பார்க்கட்டும். பின்னர் 1974 இல் அரச கூட்டுத்தாபனமாக்கப்பட்ட வடிசாலை 1992 இல் தனியார்மயமாயிற்று. கார்லைலுக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்தது. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற வாசகத்தைப் பள்ளிச் சுவரில் எழுதுகின்றோம். எழுதத்தான் வேண்டும், குடியால் அழிந்த குடும்பங்களை எமது வகுப்பறைகளிலேயே காண்கின்றோம். அவ்வாசகத்திற் குடிப்பவன் இருக்கின்றான், அவன் பெண்டு பிள்ளைகள் இருக்கின்றனர். இலாபம் பெறுபவன் இல்லை.

மறுபக்கமும் உண்டு. கம்பிரியாவில் ஹெஸ்கெற் நியூமாக்கெற் என்ற சிறு கிராமத்தின் தவறணையை 2003 இல் ஊரார் நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கு போட்டுக் கூட்டுறவாக வாங்கினர். பிரித்தானியாவில் இவ்வகையில் முந்தியவற்றுள் அதுவும் ஒன்று. இன்று அத்தகையவை நூற்றுக்கு மேல் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1970களில் மரமேறும் தொழிலாளர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தாம் இறக்கிய கள்ளைத் தாமே விற்கத் தொடங்கினர். சாதியின் பெயரால் முற்றத்திலும் நிறுத்தப்படாத மனிதர் கணக்குப் புத்தகத்தைத் தம் கையில் எடுத்தனர். அதை வரலாறாகக் கருதாத எமது உத்தியோக வர்க்கம், ஆங்கிலக் கிராமத்தின் மணல் தூவிய தரைக்காக மட்டும் உருகுவானேன்? கூட்டுறவில் ஊழலும் சோம்பலும் உண்டென்பர். உண்டு. அவற்றைக் கேட்பதற்கு அங்கே ஒரு பொதுக்கூட்டமும் உண்டு. கம்பனியின் குடிவாரக்காரனுக்கு வக்கீல் கடிதம் மட்டுமே உண்டு.

ஹிம்லிக் கோணல் வீட்டை மூன்றாண்டுக்குள் தீக்கு முந்திய நிலையில் மீளக் கட்டவேண்டுமென்று 2024 பெப்ரவரியில் உள்ளூராட்சி மன்றம் கட்டளையிட்டது. அதை எதிர்த்து உடைமையாளர் மேன்முறையீடு செய்தனர். கட்டளையின்படி சுவர் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவு சாய்வாகவே மீண்டும் எழவேண்டும். எழுந்தபின் அதன் உறுதி எவர் பெயரில் இருக்கும் என்பது திட்டமிடற் சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகையால் அதைப்பற்றி அக்கட்டளையில் ஒரு வரியும் இல்லை.